ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம்!

6-ஆம் நூற்றாண்டுச் சீனாவின் ‘முகமூடி இளவரசர்’ லான்லிங்கின் எழுச்சியும் முடிவும்

கி.பி. 564, ஆண்டின் கடைசி. கடுங்குளிர். லுவோயாங் நகரின் வடமேற்கு மூலையில் இருந்த ஜின்யோங் கோட்டைக்குள் வடக்கு சி நாட்டு வீரர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சுற்றிலும் வடக்கு சோவ் நாட்டுப் படை. எதிரிகள் மண்மேடு எழுப்பி ஏறிப் பார்த்தார்கள். சுரங்கம் தோண்டி நுழையப் பார்த்தார்கள். முப்பது நாள் முட்டி மோதியும் நகரம் விழவில்லை. ஆனால், உதவிப் படை வரும் பாதையையும் அடைத்துவிட்டதால், உள்ளே இருந்தவர்களின் நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் முற்றுகையைப் பிளந்துகொண்டு 500 குதிரை வீரர்கள் மதிலடிக்கு வந்து நின்றார்கள். மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்திருப்பது நம்மவரா, நம்மவர் வேடத்தில் எதிரியா? தயங்கினார்கள். கீழே நின்றவர்களுக்கோ தயங்க நேரமில்லை. விலகிய எதிரி வளையம் மறுபடி மூடிக்கொள்ள எவ்வளவு நேரமாகிவிடும்? முன்னால் நின்ற தளபதி தலைக்கவசத்தைக் கழற்றி, அண்ணாந்து தன் முகத்தைக் காட்டினார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மதிலிலிருந்து வில்லாளிகள் இறங்கி வந்து கைகொடுத்தார்கள்.

அவர் காவ் சாங்கொங். பேரரசரின் அண்ணன் மகன். அப்போது இருபதுகளைத் தாண்டாத இளைஞர். லான்லிங் என்ற பகுதிக்கு இளவரசர் பட்டம் பெற்றவர் என்பதால், 1,450 ஆண்டுகளுக்கும் மேலாக ‘லான்லிங் இளவரசர்’ என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அன்றைய வெற்றி அவரைப் பாட்டின் நாயகனாக்கியது. அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் அதே வெற்றி அவர் உயிரையும் குடித்தது.

அம்மா பெயர் தெரியாத பிள்ளை

சீனா அப்போது ஒரே நாடாக இல்லை. வடக்கை ஆண்ட வெய் அரசு 534-இல் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக உடைந்தது. கிழக்கே உண்மையான அதிகாரம் காவ் ஹுவான் என்ற படைத்தலைவரின் கையில் இருந்தது. அரியணையில் பொம்மை மன்னர். ஆட்டுவித்தது காவ் குடும்பம். காவ் ஹுவான் 547-இல் இறந்ததும் மூத்த மகன் காவ் செங் பொறுப்பேற்றார். லான்லிங் இளவரசர் அவருடைய நான்காவது மகன்.

காவ் செங் பேரரசர் ஆகியிருப்பார். அதற்குக் குறுக்கே வந்தது சமையற்கட்டு. போரில் பிடிபட்டு அடுக்களை அடிமையாக்கப்பட்டிருந்த லான் ஜிங், தெற்கு லியாங் நாட்டுத் தளபதி ஒருவரின் மகன். மீட்புப் பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டும் காவ் செங் மறுத்தார். மேற்கொண்டு கேட்டதற்கு அடி கொடுத்தார். 549-இல் ஒருநாள் உணவுத் தட்டுக்கு அடியில் கத்தியை மறைத்துக்கொண்டு உள்ளே வந்த லான் ஜிங், கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட எஜமானரை அங்கேயே குத்திக் கொன்றார். அப்போது காவ் செங்குக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நான்காவது மகனோ விவரம் புரியாத சிறுவன்.

மறு ஆண்டே காவ் செங்கின் தம்பி காவ் யாங் பொம்மை மன்னரை இறக்கிவிட்டுத் தானே பேரரசர் ஆனார். வடக்கு சி பிறந்தது. மேற்குப் பாதி பின்னர் வடக்கு சோவ் ஆனது. தலைநகரம் யே, படைபலம் குவிந்திருந்த இரண்டாவது தலைநகரம் ஜின்யாங்.

காவ் செங்கின் ஆறு மகன்களையும் பற்றி எழுதும் அதிகாரபூர்வ வரலாற்று நூல், ஒவ்வொருவருக்கும் தாய் யார் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. லான்லிங் இளவரசரிடம் வந்ததும், தாயின் குலம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தாய்வீட்டுச் செல்வாக்கே பிள்ளைகளின் தலையெழுத்தைத் தீர்மானித்த அரண்மனையில், அவருக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை. நம்பியிருக்க அவருக்கு இருந்தது திறமை மட்டும்தான்.

சித்தப்பா என்று கூப்பிட்டதற்குத் தண்டனை

காவ் குடும்பத்தில் எதிரியின் வாளைவிட உறவினரின் கைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. காவ் யாங் இறந்தபின் அவர் மகனைத் தூக்கியெறிந்துவிட்டு, சித்தப்பா காவ் யான் 560-இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே அவரும் இறக்க, இன்னொரு சித்தப்பா காவ் ஜான் வந்தார். லான்லிங் இளவரசரின் உடன்பிறந்தவர்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது அவர் ஆட்சியில்தான்.

மூத்த அண்ணன் சியாவ்யூ 563-இல் கொல்லப்பட்டார். பேரரசர் அவரை 37 கோப்பை மது குடிக்கவைத்து, வீட்டுக்கு அனுப்பும் வழியில் வண்டியிலேயே நஞ்சு கொடுக்க ஏற்பாடு செய்தார். அண்ணன் சாவுக்கு வாய்விட்டு அழுத மூன்றாவது மகன் சியாவ்வான் மீது அடுத்துச் சந்தேகம் விழுந்தது. 566-இல் அவரைச் சாட்டையால் அடித்தார்கள். வலி தாங்காமல் அவர் சித்தப்பா என்று கத்த, அப்படிக் கூப்பிட உனக்கு என்ன துணிச்சல் என்று காவ் ஜான் சீறினார். நான் இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன், ஏன் கூப்பிடக் கூடாது என்று அந்த நிலையிலும் பதில் சொன்னார் சியாவ்வான். காலை முறித்தார்கள். இறந்துபோனார்.

மூத்த அண்ணனை அப்படிப் பறிகொடுத்த மனிதர்தான், அதே சித்தப்பாவின் எல்லையைக் காக்கக் குதிரை ஏறினார். துருக்கியர் ஜின்யாங்கைத் தாக்கியபோது முழுமூச்சாகப் போரிட்டவர்களில் லான்லிங் இளவரசரும் ஒருவர்.

ஒரு முலாம்பழம் கிடைத்தாலும்...

அவரைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு நீளமானதல்ல. ஆனால், அதில் வரும் சின்னச் சின்னச் செய்திகள் ஆளை அப்படியே கண்முன் நிறுத்துகின்றன. மென்மையான முகம், துணிந்த நெஞ்சு. குரலும் அழகு, தோற்றமும் அழகு. படையில் சில்லறை வேலைகளைக்கூடத் தானே கவனிப்பார். தின்பதற்கு இனிப்பாக ஏதாவது வந்தால், அது ஒரே ஒரு முலாம்பழமாக இருந்தாலும், நாலைந்து பழங்களாக இருந்தாலும், வீரர்களோடு பங்கு போட்டுத்தான் தின்பார்.

ஒருமுறை அரண்மனைக்குப் போய்த் திரும்பும்போது, கூட வந்த பணியாளர்கள் எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஒரே ஒருவர்தான் மிச்சம். இளவரசர் பாட்டுக்கு வீடு திரும்பினார். யாரையும் தண்டிக்கவில்லை. இன்னொருமுறை, போரில் காட்டிய திறமைக்குப் பரிசாகப் பேரரசர் 20 இளம்பெண்களை வாங்கி அனுப்பினார். ஒருவரை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

யாங் ஷிஷென் என்ற கீழதிகாரியின் கதை இன்னும் சுவையானது. இளவரசர் யிங்சோவ் பகுதியை நிர்வகித்தபோது, லஞ்சம் வாங்குகிறார் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டவர் இந்த யாங். இளவரசரின் பதவி போனது. பல ஆண்டுகள் கழித்து ஒரு படையெடுப்பில் அதே யாங், இளவரசரின் கீழ் வந்து மாட்டிக்கொண்டார். பழி வாங்கிவிடுவாரோ என்று பயந்து நடுங்கினார். செய்தி இளவரசர் காதுக்குப் போனது. எனக்கு அப்படி எண்ணமே கிடையாது என்றார். சொன்னால் மட்டும் அந்த மனிதரின் பயம் போய்விடுமா? ஏதோ ஒரு சிறு தப்பைத் தேடிப் பிடித்து, அதற்காக 20 அடி கொடுத்தார். கணக்குத் தீர்ந்தது என்று யாங் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பதற்காக அந்த அடி! மனிதர்களின் பயத்தை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்டவர், தன்னைப் பார்த்து அரசருக்கு வந்த பயத்தைத்தான் ஆற்ற முடியாமல் போனார்.

மாங் மலையில் நடந்தது என்ன?

564 போருக்கு ஒரு விசித்திரமான பின்னணி உண்டு. சோவ் நாட்டை அப்போது ஆட்டிவைத்தவர் யுவென் ஹூ. அவருடைய தாய் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எதிரி நாட்டில் சிக்கியிருந்தார். சமாதானம் வேண்டிய சி அரசு, அந்த மூதாட்டியை மரியாதையோடு மகனிடம் அனுப்பிவைத்தது. யுவென் ஹூவுக்கும் உடனே படையெடுக்க மனமில்லை. ஆனால், கூட்டாளிகளான துருக்கியர் வாக்கைக் காப்பாற்றச் சொல்லி நெருக்கினார்கள். வேறு வழியின்றிச் சுமார் 2 லட்சம் பேரைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். அதில் ஒரு பெரும்பிரிவு லுவோயாங்கை வளைத்தது.

மீட்க வந்தவர்களில் மூத்தவர் துவான் ஷாவ். ஜின்யாங்கிலிருந்து 1,000 குதிரை வீரர்களோடு புறப்பட்டு, ஐந்தே நாளில் மஞ்சள் ஆற்றைக் கடந்துவிட்டார். நாள்கணக்கில் கலையாத மூடுபனி. அதன் மறைவில் மாங் மலைச் சரிவேறி எதிரிப் படையின் நிலையை நோட்டம் பார்த்தார். பிறகு அணிவகுப்பு: இடப்பக்கம் துவான் ஷாவ், வலப்பக்கம் வில்வித்தையில் பேர்போன ஹூலு குவாங், நடுவில் லான்லிங் இளவரசர்.

சோவ் காலாட்படை மலையில் ஏறி வந்து தாக்கியது. துவான் ஷாவ் எதிர்த்து நிற்காமல் பின்வாங்கிப் பின்வாங்கி மேலே இழுத்தார். கவசச் சுமையோடு ஏறிய எதிரிகள் களைத்துப்போன நேரம் பார்த்துக் குதிரையிலிருந்து இறங்கித் திருப்பி அடித்தார்கள். எதிரி வரிசை சரிந்தது. நடுப்படையோடு இருந்த இளவரசர் அந்தக் குழப்பத்துக்குள்தான் 500 பேரோடு பாய்ந்து, கோட்டை மதில் வரை போனார். மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த சி படைகள் கைகோத்துக்கொண்டதும் முற்றுகை உடைந்தது. வலப்பக்கத்தில் ஹூலு குவாங், தன்னைத் துரத்தி வந்த சோவ் தளபதி வாங் சியோங்கை ஒரே அம்பில் நெற்றியில் அடித்து வீழ்த்தினார். கூடாரங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சோவ் படை ஓடியது. மாங் மலையிலிருந்து கு ஆறு வரை 30 லி தூரத்துக்கு ஆயுதங்களும் தளவாடங்களும் இறைந்து கிடந்தன.

பாட்டு ஆட்டமாகி, ஆட்டம் கடல் கடந்தது

வெற்றிக் களிப்பில் வீரர்கள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். ‘லான்லிங் இளவரசர் களம் புகுந்த பாட்டு’ என்று அதற்குப் பெயர். பாட்டு சீக்கிரமே ஆட்டமானது. தாங் பேரரசுக் காலத்தில் அரண்மனைக் கலையாகவே ஏறிவிட்டது. 690-இல் பேரரசி வூ சேதியான் நடத்திய விருந்தில், அவருடைய ஐந்து வயதுப் பேரன் லி ஃபான் இந்த ஆட்டத்தை ஆடிக்காட்டியிருக்கிறான்.

முகமூடிக் கதையும் தாங் காலத்து நூல்களில்தான் வருகிறது. இளவரசரின் முகம் பெண் முகம்போல மென்மையாக இருந்ததாம். எதிரி பயப்பட மாட்டானே என்று மரத்தில் கோரமான முகமூடி செதுக்கி அணிந்துகொண்டு களம் புகுந்தாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இளவரசரின் வாழ்க்கையைச் சொல்லும் வரலாற்று நூலில் முகமூடி என்ற பேச்சே இல்லை. அங்கே இருப்பது தலைக்கவசமும், அதைக் கழற்றிக் காட்டிய முகமும்தான். ஆட்டக்காரர்களுக்கு முகமூடி தேவைப்பட்டது. அது மெல்ல நாயகனின் முகத்திலும் ஒட்டிக்கொண்டது.

சீனாவில் அந்த ஆட்டம் காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஜப்பானில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ரான்ரியோ-ஓ’ என்ற பெயரில், ககாகு என்னும் அரசவை இசை மரபின் புகழ்பெற்ற தனியாட்டம் அது. தலைமேல் டிராகன் வீற்றிருக்கும் முகமூடி, தனியே தொங்கி ஆடும் தாடை, சிவப்பு உடை, கையில் ஒரு சிறு கோல். ஜப்பானிய மரபு இந்த ஆட்டத்தை ‘ரின்யூகாகு’, அதாவது சம்பா நாட்டு இசை என்ற வகையில் சேர்க்கிறது. அந்த இசையைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் சம்பா துறவி புத்தெட்சு 736-இல் ஜப்பானில் இறங்கினார். கூடவே இறங்கியவர் தென்னிந்தியத் துறவி போதிசேனர். 752-இல் நாரா நகரின் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் அவர்தான். சீனப் போர்க்களத்துப் பாட்டும் தெற்கிலிருந்து வந்த இசையும் இந்த ஆட்டத்தில் எந்த அளவுக்குக் கலந்தன என்பது ஆய்வாளர்கள் விவாதிக்கும் விஷயம்.

ஒரு பதில், ஒரு பகை

565-இல் காவ் ஜான் தன் மகன் காவ் வெய்க்கு முடிசூட்டினார். புதிய பேரரசருக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. லான்லிங் இளவரசருக்குத் தம்பி முறை. வளர்ந்தபின் ஒருநாள், மாங் மலைப் போர் பற்றிப் பேச்சு வந்தது. அவ்வளவு தூரம் எதிரிக்குள் புகுந்துவிட்டீர்களே, ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார் காவ் வெய். நம் குடும்பத்து விஷயம் அல்லவா, மனசு கேட்கவில்லை, என்னையறியாமல் போய்விட்டேன் என்று இளவரசர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

அண்ணன் தம்பிக்குச் சொல்லும் பதில் அது. ஆனால், கேட்டவர் தம்பியாக அல்ல, பேரரசராக உட்கார்ந்து கேட்டார். நாட்டை ‘நம் குடும்பத்து விஷயம்’ என்கிறாரே, அரியணை தன்னுடையதும்தான் என்று நினைக்கிறாரோ? இவருடைய அப்பாதானே மூத்தவர்? படை முழுக்க இவர் பாட்டைத்தானே பாடுகிறது? சந்தேகம் அன்று வேர் பிடித்தது.

571-இல் டிங்யாங் நகரை முற்றுகையிட்டபோது துவான் ஷாவ் நோயில் படுத்துவிட, படை இளவரசர் கைக்கு வந்தது. மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு, எதிரி தப்பிக்கத் தென்கிழக்கு வழி ஒன்றுதான் என்று படுக்கையிலிருந்தே துவான் ஷாவ் கணித்துச் சொன்னார். இளவரசர் 1,000-த்துக்கு மேற்பட்ட வீரர்களை அங்கே பதுக்கிவைத்தார். இரவில் வெளியேறிய சோவ் படை வசமாகச் சிக்கியது. அதன் தளபதி யாங் ஃபூ பிடிபட்டார். அதே ஆண்டு துவான் ஷாவ் இறந்தார்.

இந்தப் படையெடுப்பில்தான் இளவரசரின் இன்னொரு முகம் தெரிந்தது. கண்டபடி லஞ்சம் வாங்கிக் குவித்தார். பழம் பங்கு போட்டவருக்கு என்ன ஆயிற்று? அவரிடம் இருந்த சியாங்யுவான் என்பவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். பதில் இல்லை. அவரே மறுபடி கேட்டார்: மாங் மலை வெற்றியால் பொறாமை வந்துவிடுமோ என்று பயந்து, வேண்டுமென்றே பெயரைக் கெடுத்துக்கொள்கிறீர்களா? ஆமாம் என்றார் இளவரசர். பேராசைக்காரனைப் பார்த்து எந்த அரசரும் பயப்பட மாட்டார் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பு என்றார் சியாங்யுவான். உங்களை ஒழிக்க நினைப்பவர்களுக்கு நீங்களே குற்றத்தைத் தயாரித்துக் கொடுக்கிறீர்கள். ஆபத்து தள்ளிப்போகாது, சீக்கிரம் வரும் என்றார். இளவரசர் கண்ணீர்விட்டு, அவர் முன் முழங்காலிட்டு வழி கேட்டார். நோய் என்று சொல்லி வீட்டில் இருங்கள், அரசுக் காரியத்தில் தலையிடாதீர்கள் என்பதுதான் கிடைத்த யோசனை. நியாயமாகத்தான் பட்டது. ஆனால், நாட்டில் தளபதிகளே மிச்சமில்லாதபோது அவரை யார் சும்மா இருக்கவிடுவார்கள்?

நஞ்சுக் கோப்பை

572-இல் ஹூலு குவாங் கொல்லப்பட்டார். அவர் காவ் வெய்யின் மாமனார். மகள் அப்போது பேரரசி. போரில் வெல்ல முடியாத அவரைப் பாட்டால் வீழ்த்தியது சோவ் நாடு. ஹூலு குவாங் அரியணை ஏறப்போகிறார் என்று பொருள்படும் சிறுவர் பாடல்களை எழுதி, ஒற்றர்கள் மூலம் யே நகருக்குள் பரப்பினார் சோவ் தளபதி வெய் சியாவ்குவான். அரண்மனையில் இருந்த எதிரிகள் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். அழைத்து வந்து வில்நாணால் கழுத்தை நெரித்தார்கள். செய்தி கேட்ட சோவ் பேரரசர் மகிழ்ச்சியில் நாடு முழுக்கக் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

மூவரில் இருவர் போனார்கள். மிச்சம் லான்லிங் இளவரசர் ஒருவரே. 573-இல் தெற்கிலிருந்து சென் நாட்டுப் படை ஏறி வந்தது. மறுபடி தளபதியாக்கிவிடுவார்களோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. போன வருஷம் முகம் வீங்கியதே, இப்போது ஏன் வீங்கவில்லை என்று பெருமூச்சுவிட்டாராம். அதன்பின் நோய் வந்தால் மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த ஆண்டு ஐந்தாம் மாதம், பேரரசரின் ஆள் நஞ்சு கலந்த மதுவோடு வீட்டுக்கு வந்தார். இவ்வளவு விசுவாசமாக இருந்தேனே, என்ன பாவம் செய்தேன் என்று இளவரசர் மனைவி ஜெங்கிடம் கேட்டார். நேரில் போய்ப் பேரரசரைப் பாருங்கள் என்றார் ஜெங். அவர் முகத்தை இனி எங்கே பார்ப்பது என்றார் இளவரசர். மற்றவர்கள் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் பத்திரங்கள் ஏராளமாக இருந்தன. அத்தனையையும் எடுத்துத் தீயில் போட்டார். பிறகு கோப்பையைக் குடித்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் அந்த வாழ்க்கை முடிந்தது.

ஜெங் தன் கழுத்து மாலையைப் புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். ஹெபெய் மாநிலம் ஹாண்டான் நகருக்குத் தெற்கே இருக்கும் இளவரசரின் கல்லறையில், 575-இல் நாட்டிய நினைவுக்கல் இன்றும் நிற்கிறது. கல்லின் பின்பக்கத்தில் தம்பி யான்சொங் எழுதிய கவிதை. 1992-இல் ஜப்பானியக் கலைஞர்கள் அந்தக் கல்லறைக்கு முன்பாகவே ‘ரான்ரியோ-ஓ’ ஆடி அஞ்சலி செலுத்தினார்கள்.

விழுந்தது எப்போது?

காவ் வெய் பிபா என்னும் நரம்பிசைக் கருவி வாசிப்பதிலும், நாய்களுக்கும் குதிரைகளுக்கும் பட்டம் கொடுப்பதிலும் பொழுதைக் கழித்தார். அரண்மனைத் தோட்டத்தில் ஏழைகள் சேரி ஒன்றைக் கட்டி, கந்தல் உடுத்திப் பிச்சையெடுத்து விளையாடினார். 576-இல் சோவ் படை பிங்யாங்கைத் தாக்கியபோது அவர் வேட்டையில் இருந்தார். அவசரச் செய்தி வந்தும், இன்னும் ஒரு சுற்று வேட்டையாடலாம் என்று காதலி ஃபெங் சொல்ல, அதற்கும் தலையாட்டினார். நகரம் விழுந்தது. 577-இல் தலைநகரம் யேயும் விழுந்தது. பிடிபட்ட காவ் வெய்யும் அவர் குலத்தாரும் அதே ஆண்டு கொல்லப்பட்டார்கள். யே நகருக்குள் நுழைந்த சோவ் பேரரசர், ஹூலு குவாங்குக்கு மரணத்துக்குப் பிந்தைய பட்டம் அளித்து, அவர் உயிரோடு இருந்திருந்தால் தான் இங்கே வந்திருக்கவே முடியாது என்றார்.

வடக்கு சி தொடங்கிய காலத்தில், குளிரில் மஞ்சள் ஆறு உறைந்துவிட்டால் சி படை நடந்தே வந்துவிடுமோ என்ற பயத்தில் சோவ் வீரர்கள்தான் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காவ் ஜான் காலத்திலேயே நிலைமை தலைகீழானது; பனியை உடைக்கும் வேலை சி வீரர்களுக்கு வந்தது. அதன்பிறகும் அந்த நாட்டைத் தாங்கிப் பிடித்தவர்கள் மாங் மலையில் நின்ற மூன்று தளபதிகள். ஒருவரை நோய் கொண்டுபோனது. மற்ற இருவரையும் அவர்கள் காப்பாற்றிய அரசரே கொன்றார்.

வடக்கு சி வீழ்ந்த ஆண்டு 577 என்று வரலாற்றுப் பாடம் சொல்லும். அந்த நாடு வீழ்ந்தது 572-இலும் 573-இலும். வீழ்த்தியது அதன் சொந்த அரண்மனை.